பொறுங்க மாப்ளே!

ஆபீசில் எல்லோரும் காக்கா பிடிக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. சரி, மீனாவது பிடிப்போம் என்று கிளம்பினேன்.

ஆரம்பித்து வைத்தவன் பக்கத்து ஸீட் நண்பன். 'பாஸ் பிடிப்பது எப்படி?' என்று ஒரு புத்தகத்தை நீட்டினான். ஆஹா, இன்க்ரிமெண்ட்டுக்கு வழி பிறந்தது என்று ஆவலாய்ப் பிரித்தால்... உள்ளே மீன் படம்! பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் வாழும் மீனாம். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்கிற விவசாயி பத்து கிலோ சொச்சத்துக்கு ஒரு பாஸ் பிடித்தார். உலக ரிக்கார்டு. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதைவிடச் சில கிராம் கூடுதலாக ஒன்றைப் பிடித்தார். முறியடிக்க அந்தச் சில கிராம் போதாது என்பது விதி. ஆகவே இருவரும் ரிக்கார்டில் பங்குதாரர்கள். சரி, பெர்ரி அந்த மீனை என்ன செய்தார் தெரியுமா? எடை போட்டார், வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பத்தோடு சாப்பிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

"பாஸுக்கு எங்கே போறது? நம்ம ஊர்ல விரால் இருக்கே!" என்றான் நண்பன். சுபாவத்தில் இரண்டும் பங்காளிகள் மாதிரி. இலை மறைவில் பதுங்கிக் கிடந்து, தவளை கிவளை போனால் ஒரே பாய்ச்சல்.

ராடு, ரீல், ஒரு ரப்பர் தவளை... மொத்தம் 3,400 ரூபாய். பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனமாக, 'இது செலவில்லை, முதலீடு' என்று மனைவிக்கு விளக்கினேன்.

"வருமானம் வரட்டும், பார்க்கலாம்" என்றாள்.

மாமனார் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த பிரதேசம். அங்கே படித்த பாடங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள் ஸார்.

முதல் பாடம்: ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. மாமா பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது: விரால் தண்ணீரில் குடியிருந்தாலும் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். 'ளபக்' என்று சத்தம், ஒரு சின்ன வட்டம். அதற்குக் கொஞ்சம் அப்பால் தவளையைப் போட்டு, அந்த இடத்தின் வழியாக மெல்லத் தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும். முள் இரண்டும் தவளையின் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் ஆகாயத்தாமரையில் அவ்வளவாக மாட்டாது.

மூன்றாவது பாடத்துக்குத்தான் ஃபீஸ் அதிகம். தண்ணீர் 'படார்' என்று வெடித்தது. பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தேன். ரப்பர் தவளை பறந்து வந்து என் நெற்றியைப் பதம் பார்த்தது.

"பொறுங்க மாப்ளே!" என்றார் மாமா. "அது வாய்க்குள்ள வாங்கணும்ல? ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. கையில கனம் தெரிஞ்சப்புறம் இழுங்க."

ஆபீசில் ஃபைலை ஒரு மாதம் வைத்துக்கொண்டு பொறுமையாய் இருக்கிறவன், இங்கே இரண்டு எண்ண முடியாமல் தவித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. மீன் பூஜ்யம்.

நான்காவது ஞாயிறு. மழை விட்ட மறுநாள். கரையோரம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சலசலப்பு. உற்றுப் பார்த்தால், செக்கச் செவேலென்று நூற்றுக்கணக்கில் பொடிக் குஞ்சுகள், ஒரு பந்து மாதிரி திரண்டு நகர்கின்றன. அடியில் கறுப்பாய் ஒரு நிழல். இரண்டு கிலோ தேறும்! ராடை ஓங்கினேன்.

"பொறுங்க மாப்ளே!"

இந்தத் தடவை குரலில் சிரிப்பு இல்லை.

"இப்ப எதைப் போட்டாலும் கடிக்கும். பசியில இல்ல, குஞ்சுக்கிட்ட வந்துட்டானேங்கிற கோபத்துல. இதைப் பிடிக்க வித்தையே வேணாம். பிடிச்சிட்டா, அத்தனை குஞ்சும் சாயங்காலத்துக்குள்ள மத்த மீனுக்குப் பலகாரம்."

பாஸ் புத்தகத்திலும் இது இருந்தது. ஆண் பாஸ் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். அப்போது மாட்டுவது சுலபம். அதைத் தூக்கிவிட்டால் கூடு காலி. படித்தபோது, 'அட, சுலபமாச்சே' என்பது மட்டும்தான் மனசில் நின்றது.

மூன்று வாரப் பூஜ்யம் கையைப் பிடித்து இழுத்தது. அந்த நிழல் அசையவில்லை. நானும் அசையவில்லை. கடைசியில் ராடைக் கீழே வைத்தேன்.

வெறுங்கையோடு போக முடியுமா? மாப்பிள்ளை கௌரவம் என்னாவது? மார்க்கெட்டில் தொட்டியில் உயிரோடு நீந்திய விரால் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் ஈரத் துணிப்பையில் வீடு வரை துள்ளிக்கொண்டே வந்தது. பிரமாதமான சாட்சி!

மனைவி அதன் வாயைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க, தூண்டில்ல மாட்டின மீனுக்கு வாயில ஒரு கீறல்கூட இல்லையே?"

மாமாவைப் பார்த்தேன். மாமா ஆகாயத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சிவப்புக் குஞ்சுகள், கறுப்பு நிழல், 600 ரூபாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். அந்தக் குஞ்சுங்களைப் பார்க்கணும்" என்றாள்.

3,400 ரூபாய் முதலீட்டுக்கு இதுவரை வந்த வருமானம் இதுதான் ஸார். நஷ்டம் என்று எழுத மனசு வரவில்லை.