பதவியில் செய்ததை மறைக்கிறோம், படுக்கையறையைத் துருவுகிறோம்



2024 அக்டோபர் 15, அப்துல் கலாம் அவர்களின் பிறந்த நாள். அதற்காக நோணாங்குப்பத்தில் என்னிடம் ஓதும் மாணவர் ஒருவர் உரை எழுதி வந்தார். இணையத்திலுள்ள வாழ்க்கைக் குறிப்புகளிலிருந்து திரட்டிய இரண்டு பக்கங்கள். அவற்றில் ஒரு பக்கம் முழுவதும், அவர் ஏன் மணமுடிக்கவில்லை, என்ன உண்டார், எத்தனை வேளை தொழுதார் என்பதே. 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக அவர் செய்தவற்றுக்கு மூன்றே வரிகள். மூன்றும் புகழ்ச்சி.

அந்த ஒரு பக்கத்தை அடித்துவிட்டு, வேறொரு செய்தியைச் சேர்க்கச் சொன்னேன். 2005 மே மாதம் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை, மாஸ்கோவில் இருந்த கலாம் அவர்களுக்கு நள்ளிரவில் அனுப்பப்பட்டது. அவர் ஒப்பமிட்டார். அக்கலைப்பு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதனால் பதவி விலக எண்ணியதை 2012இல் வெளிவந்த தமது நூலில் அவரே எழுதியிருக்கிறார். தம் பிழையைத் தாமே பொதுவில் வைத்த மனிதரை, நம் இணையத்துத் தமிழ்க் குறிப்புகள் பிழையே இல்லாதவராக ஆக்கிவிடுகின்றன.

மாணவர் உரையாற்றி முடித்ததும் பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார்: "ஹஜ்ரத், மௌத்தாகிப்போன நல்ல மனிதர். அவருடைய குறையை ஒரு பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கலாமா?"

ஒரு மாதம் கழிந்தது. நவம்பர் 19 அன்று இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் தம்பதியர் பிரியும் செய்தி வெளியானது. தங்கள் தனிமையை மதிக்குமாறு அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்களே சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் நான்கே நாட்களில், அவதூறுக் காணொளிகளை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு விடும் நிலைக்கு ரஹ்மான் தள்ளப்பட்டார். அத்தகைய காணொளி ஒன்றை எங்கள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் பகிர்ந்தவர், அக்டோபரில் என்னிடம் வருந்திய அதே பெரியவர்தான். கேட்டதற்கு, "பிரிந்தது உண்மைதானே? பொய்யா சொல்லிவிட்டோம்?" என்றார்.

இந்த ஒரு வாதத்தைத்தான் நான் உடைக்க விரும்புகிறேன். உண்மை என்பதாலேயே ஒன்று சொல்லத் தகுந்ததாகிவிடாது. புறம் என்றால் என்ன என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியபோது, சொல்லப்படும் குறை அவரிடம் இருந்தால் அது புறம், இல்லையென்றால் அது அவதூறு என்றார்கள். அப்படியானால் புறம் முழுவதுமே உண்மைச் செய்திதான்! "உண்மைதானே" என்பவர் தாம் செய்தது புறம் என்று ஒப்புக்கொடுக்கிறார்; தப்பிக்கவில்லை. 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 6ஆம் வசனம் செய்தியை விசாரித்துத் தெளியச் சொல்கிறது. 12ஆம் வசனம் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. நாம் முதலாவதைச் செய்வதில்லை, இரண்டாவதை விடுவதில்லை.

"அப்படியானால் யாரைப் பற்றியும் வாழ்க்கைக் குறிப்பே எழுதக்கூடாதா?" என்று கேட்பீர்கள். வாழ்க்கைக் குறிப்பை ஒரு கலையாகவே வளர்த்த சமுதாயம் நாம். ஹதீஸ் அறிவிப்பாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் நம்பகத்தை நம் இமாம்கள் எடைபோட்டுப் பதிந்தார்கள். எகிப்தின் காழியாக இருந்த இப்னு லஹீஆவின் ஏடுகள் எரிந்ததையும், பின்னர் அவர் நினைவு தடுமாறியதையும் எழுதி வைத்தார்கள். இமாம் புகாரீயின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனியிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்கப்பட்டது. வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று ஒதுங்கப் பார்த்தார். விடவில்லை. தலைகுனிந்து, பிறகு நிமிர்ந்து, இது மார்க்க விஷயம், என் தந்தை பலவீனமானவர் என்றார். பெற்ற தந்தையை! மனம் எவ்வளவு நொந்திருக்கும்? ஆனால் சொன்னது அந்த ஒரு சொல். ஹதீஸ் அறிவிப்பில் பலவீனம், அவ்வளவே. தந்தையின் இல்லறம் எப்படி, வீட்டில் என்ன சச்சரவு என்பதை அவர் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. மக்கள் அவரிடம் நம்பி ஒப்படைத்தது எதுவோ, அதில் மட்டும் கணக்கு.

நம் நாட்டு நீதிமன்றமும் இதற்கு மிக அருகில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு வழக்குதான். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதிகாரிகளுக்கு அவனோடு இருந்த தொடர்புகள் அதில் வருவதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், அவ்வாறு முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். அதிகாரிகள் தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தையும் எழுதலாம். ஆனால் ஒருவருடைய குடும்பம், மணவாழ்வு, மக்கட்பேறு முதலியவற்றை அவர் ஒப்புதலின்றி, உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், வெளியிடலாகாது என்றது. கொலைக் குற்றவாளி ஒருவனின் வழக்கில் நீதிபதிகள் கண்ட அந்த வேறுபாடு, ஐவேளை தொழும் நம் கைபேசிகளுக்கு ஏன் எட்டவில்லை?

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. வக்ஃபு சொத்தின் வாடகை எங்கே போனது என்று யாராவது கேட்டால், உடனே முஸ்லிமின் குறையை மறைக்கச் சொல்லும் ஹதீஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதே முத்தவல்லியின் மகள் கணவனோடு வாழாமல் பிறந்தகம் வந்திருந்தால் அந்த ஹதீஸ் யாருக்கும் நினைவில் வருவதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் மௌனம், மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் விசாரணை.

அந்தப் பெரியவரிடம் அலீ இப்னுல் மதீனியின் செய்தியைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டி, எல்லாருக்கும் அழிகிற மாதிரி எப்படி அழிப்பது என்று கேட்டார். அதற்கான நேரம் கடந்திருந்தது. அவர் கைபேசியிலிருந்து மட்டுமே அழிக்க முடிந்தது. குழுவிலிருந்த மற்றவர்களின் கைபேசிகளில் அது அப்படியே இருந்தது.