குழந்தை எழுதட்டும், கைபேசி பேசட்டும்

"பையன் தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதப் படிக்கத்தான் வராது." இங்கே மும்பையில் நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் பெற்றோரிடம் இதைக் கேட்காத நாள் இல்லை. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி என்று மூன்று மொழிகள். நான்காவதாகத் தமிழையும் எழுது என்றால், "எதற்கு?" என்கிறது பிள்ளை. "தாய்மொழி ஆயிற்றே" என்ற பதில் பத்து வயதுக்குப் போதுவதில்லை. எழுதுவதால் உடனே ஏதாவது நடக்க வேண்டும். அதற்குக் கைபேசியே துணை செய்யும் என்பது என் கருத்து.

தமிழ் சொல்லித் தரும் செயலியை வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் பிள்ளை படத்தைத் தொட்டுக்கொண்டே போகும். ஓர் எழுத்தும் எழுதாது. பிள்ளையே ஒரு சின்னச் செயலியைச் செய்ய வேண்டும் என்கிறேன்.

இது பெரிய வித்தை அல்ல. 2010-ல் கூகுள் நிறுவனம் 'ஆப் இன்வென்டர்' என்ற சாதனத்தை வெளியிட்டது. பேராசிரியர் ஹால் ஏபெல்சன் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். 2012 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அதை இலவசமாக வழங்கி வருகிறது. கணிப்பொறித் திரையில் வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும், செயலி தயார். அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று இது: பெட்டியில் ஒரு வாக்கியம் எழுதிப் பொத்தானைத் தொட்டால் கைபேசி அதைப் படிக்கும், கைபேசியைக் குலுக்கினால் வேறொன்று சொல்லும்.

குலுக்குவதை உணர்வது உள்ளே இருக்கும் முடுக்கமானி. கைபேசி மேசைமேல் சும்மா கிடக்கும்போதும் அது ஏறக்குறைய 9.8 என்று காட்டும். அது புவியீர்ப்பின் அளவு. தமிழோடு அறிவியலும் சேர்ந்து வருகிறது.

எங்கள் ஞாயிறு வகுப்பில் பேச்சு மொழியைத் தமிழாக அமைத்து இதைச் செய்து பார்த்தோம். ஒரு சிறுமி 'பழம்' என்று நினைத்துக்கொண்டு 'பலம்' என்று தட்டினாள். கைபேசி 'பலம்' என்றே சொன்னது. அவள் அம்மாவாக இருந்தால் புரிந்துகொண்டு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்திருப்பார். வீட்டில் நம் அன்பே பிள்ளைகளின் பிழைகளை மூடிவிடுகிறது. இயந்திரத்துக்கு அந்தத் தயவு கிடையாது; எழுதியதைத்தான் பேசும். யாரும் சொல்லாமலே அவள் விசைப்பலகையில் 'ழ' எங்கே என்று தேடத் தொடங்கினாள். மராத்தி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ளகரம் புதிதல்ல. திலகரின் பெயரையே மராத்தியர் 'டிளக்' என்றுதான் எழுதுகிறார்கள். ழகரத்தைத்தான் தனியே பழக்க வேண்டும்.

"ஏற்கெனவே எந்நேரமும் கைபேசிதான், இதில் இது வேறா?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் செய்து பார்ப்பதும் ஒன்றல்ல. ஒருவர் சமைத்ததைச் சாப்பிடுவதற்கும் தானே அடுப்பு மூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்.

இயந்திரக் குரலில் உயிர் இல்லை என்பது இன்னொரு குறை. உண்மைதான். நெல்லைப் பேச்சின் இழுப்போ கொங்குப் பேச்சின் குழைவோ அதில் வராது. அதற்கும் வழி இருக்கிறது. குரலைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்யும் வசதியும் இதே சாதனத்தில் உண்டு. ஊரிலிருந்து பாட்டி வரும்போது நாலு விடுகதைகளைச் சொல்லச் சொல்லிப் பதிந்து வைக்கலாம். கைபேசியைக் குலுக்கினால் பாட்டி விடுகதை போடட்டும். விடையைப் பிள்ளை தமிழில் தட்டட்டும்.

நம்மில் கணிப்பொறித் துறையில் வேலை பார்ப்பவர்கள் அநேகர். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கணிப்பொறி, ஒரு கைபேசி போதும். மாதம் இரண்டு ஞாயிறு ஒருவர் வந்து உட்கார்ந்தால் வகுப்பு நடந்துவிடும். ஆண்டு விழாவில் நாட்டியமும் மாறுவேடமும் இருக்கட்டும். கூடவே ஒரு மேசை போட்டு, பிள்ளைகள் செய்த செயலிகளையும் வைப்போம். பெரியவர்கள் தொட்டும் குலுக்கியும் பார்க்கட்டும்.

பேச்சு நம்மோடு வந்து சேர்ந்தது. எழுத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். எழுத்தறியாத பிள்ளை நாளை தன் பிள்ளைக்கு எதைக் கொடுக்கும்? சங்க நிர்வாகிகள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.