பிள்ளைப்பேறும் அடைபடும் சிறுநீரகமும்

கர்ப்பத்திலோ பேற்றுக்குப் பின்னரோ நுண்குழாய்களில் குருதி உறைந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழப்பது அரிது. 1924இல் மொஷ்கோவிட்ஸ் விவரித்த டிடிபி அவ்வாறான ஒரு நோய்; அதில் அடம்ட்ஸ்13 என்ற நொதியின் செயற்பாடு இயல்பளவின் பத்து வீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். சிறுநீரகத்தைக் கூடுதலாகத் தாக்குவது அதன் உறவான ஏஎச்யூஎஸ். பெரும்பாலும் பிள்ளை பிறந்த பின்னரே தலைகாட்டும். இரண்டையும் ஹெல்ப் எனும் கர்ப்பகால நோயென மயங்குவது எளிது. ஹெல்ப் பேற்றுக்குப் பின் சில நாட்களில் தணியத் தொடங்கும், இவை தணியா. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை வருமுன் டிடிபி பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது. ஆகவே சிகிச்சைக்கான தூரமும் முக்கியம். தலைமன்னார்த் தாய்க்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை மன்னார்த் தீவுக்குள்ளேயே உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ தாம்போதி கடந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால். எனவே பேற்றுக்குப் பின்னும் குருதிச் சிறுதட்டுகளும் சிறுநீரும் குறைந்துகொண்டே போனால், மறுநாள்வரை பார்த்திருப்பது தவறு.