பிளவின் வழியே நீர் சேருமா?

பெருநாள் நெருங்கினால் காரைக்கால் வீடுகளில் மருதாணி மணக்கும். அதனருகே ‘கிராக்கிள்’ நகப்பூச்சையும் வைத்துப் பார்க்க விழையும் இளம் சகோதரிகளை நான் குறை கூறேன். அலங்காரம் மார்க்கம் தடுத்ததன்று.

முதலில் ஒரு நிறத்தைப் பூசி, அது நன்கு உலர்ந்தபின் மேலே கிராக்கிள் பூச்சை ஒரே வீச்சில் இடவேண்டும். மேற்பூச்சு விரைந்து உலர்ந்து சுருங்குகையில் பிளவுகள் தோன்றும். தடித்துப் பூசினால் பெரிய பிளவு. மெல்லப் பூசினால் நுண்ணிய பிளவு.

இப்பிளவுகளின் வழியே ஒளுவின் நீர் நகத்தைச் சேர்ந்துவிடும் என்னும் வாதத்தைத்தான் ஏற்க இயலவில்லை. பிளவினூடே தெரிவது நகமன்று, அடிப்பூச்சு. அது முழுப்படலமாய் நீரைத் தடுக்கிறது, ஒளு நிறைவேறாது. அந்த ஒளுவைக் கொண்டு தொழுத தொழுகைகளின் நிலை என்ன? மருதாணிச் சாயமோ நகத்தோடு ஒன்றிவிடுகிறது. விழுதைக் களைந்தபின் படலம் ஏதும் எஞ்சுவதில்லை. போலந்தின் இங்லாட் நிறுவனம் நீராவி ஊடுருவும் என்று கூறி ஒரு பூச்சை விற்கிறது. நீராவி கசிவது வேறு, நீரால் கழுவுவது வேறு. காலுறைமீது மஸஹ் செய்யும் சலுகையை நகத்திற்கு நீட்டவும் ஆதாரமில்லை.

தொழுகையில்லா நாட்களில் தாராளமாகப் பூசிப் பாருங்கள். கடமையான குளிப்புக்கு முன், அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மீது சற்றுநேரம் வைத்திருந்து, ஓரங்கள்வரை துடைத்தெடுங்கள். மினுக்குத் துகள் கலந்த பூச்சாயின் இருமுறை துடைக்க நேரிடும்.