மாந்தை மண் கற்பிக்கும் பாடம்

ஓரிடத்தைத் திருத்தலம் ஆக்குவது எது? கல்லும் கோபுரமும் மட்டுமா? அன்று. தலைமுறை தலைமுறையாக அவ்விடத்தை நாடி வந்தோரின் கண்ணீரும் நம்பிக்கையுமே அதனைத் திருத்தலம் ஆக்குகின்றன. இவ்வுண்மைக்கு மன்னார் மாவட்டத்து மாந்தையே சான்று.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கே பாலாவிக் கரையில் நின்றது. போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். கோயில் மறைந்தது, பதிகம் மறையவில்லை. 1872இல் ஆறுமுக நாவலர் அத்தலத்தை மீட்குமாறு சைவ மக்களை வேண்டினார். 1893இல் காணி விலைக்கு வாங்கப்பட்டது. ஆலயம் மீண்டும் எழுந்தது.

போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கினர். அதே மாந்தையில் இருந்த மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு கத்தோலிக்க மக்கள் மடுக் காட்டினுள் புகுந்தனர். மடுத் திருப்பதி பிறந்த வரலாறு அதுவே. ஆகவே, ஒரே மண்ணில் இரு சமயத்தாரும் தத்தம் திருத்தலத்தை அந்நியர் கையில் இழந்தவர்கள். அந்த வேதனையை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்க வேண்டிய தேவையே இல்லை.

அவ்வாறிருக்க, 2019ஆம் ஆண்டு சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீச்சர வீதியில் எழுந்த அலங்கார வளைவு பிணக்கொன்றில் வீழ்த்தப்பட்டது. அச்செய்தி கேட்டு எம் நெஞ்சம் புண்பட்டது. வீழ்ந்தது வளைவு மட்டுமா? அயலவர் உறவும் அன்றோ!

போர்க்காலத்தை மறந்துவிட்டோமா? 1990க்குப் பின் மடு வளவில் பல்லாயிரம் ஏதிலிகள் தஞ்சம் புகுந்தனர். நெற்றியில் நீறா, கழுத்தில் சிலுவையா என்று பார்த்து அங்கே எவருக்கும் நிழல் மறுக்கப்படவில்லை. 1999 நவம்பரில் அங்கு எறிகணை வீழ்ந்து, அடைக்கலம் புகுந்தோர் பலர் குழந்தைகளோடு மாண்டனர். எறிகணையும் சமயம் கேட்கவில்லை.

வயலுக்கு வரம்பு வேண்டும் என்பதைக் கமக்காரர் அறிவர். வரம்பை உயர்த்துவதிலேயே காலத்தைக் கழிப்பவன் நெல் காண்பதில்லை என்பதையும் அவர்கள் அறிவர். வீதி, வளைவு, சொரூபம் பற்றிய பிணக்குகள் எழும்போது இரு தரப்புப் பெரியோரும் முதலில் ஒருங்கே அமர்ந்து பேசட்டும். சட்டம் கற்றோர் வழக்குக்கு முன் இணக்கத்துக்கு வழி காட்டட்டும்.

தன் தலத்தைப் போற்றுபவன் அயலவன் தலத்தையும் காப்பான். அக்காவலில் தவறினால், அந்நியர் இடித்ததினும் பெரிய இடிப்பை நாமே செய்தவர்களாவோம்.