எந்த நாணயத்தில் கணக்குப் போடுவது?

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது, வசதி ஓரளவு உள்ள எமது வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த முறை டுபாய்க்குப் போவோமா, மலேசியாவுக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாப்பா சற்று யோசித்துவிட்டு, "டொலர் கொஞ்சம் இறங்கட்டும், பார்ப்போம்" என்பார். அநேகமான வீடுகளில் பயணக் கணக்கு இந்த ஒரு வசனத்தோடு தொடங்கி அதனோடேயே முடிந்தும் விடுகிறது. டொலர் இறங்கினால் போகலாம், ஏறினால் நிற்கலாம் என்பதே எமது பொதுவான எண்ணம். இது அரைக் கணக்கு. பயணத்துக்கான பாதீட்டை நாம் செலவழிக்கப் போகும் நாட்டின் நாணயத்தில் எழுத வேண்டும். அதன் பிறகே அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நாணய மாற்று வீதம் வர்த்தகப் பிரிவு மாணவியரின் பாடப்புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் விடயமல்ல என்பதை 2022ஆம் ஆண்டு எம் எல்லோருக்கும் கற்பித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மார்ச் மாதத்தில் இலங்கை மத்திய வங்கி வீதத்தின் மீதான பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 350 ரூபாயையும் தாண்டி, 360 ரூபாயை எட்டியது. அந்த நாட்களில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றதுதான் எமக்கு அதிகம் நினைவிருக்கிறது. ஆனால் பயணத்துக்கென்று ரூபாயில் சேமித்து வைத்திருந்த குடும்பங்களுக்கும் அதே மூன்று மாதங்களில் பெரிய அடி விழுந்தது.

டுபாயை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997ஆம் ஆண்டிலிருந்து டொலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு டொலருக்கு 3.6725 திர்ஹம் என்ற அளவு மாறுவதில்லை. ஆகவே டொலர் ஏறும் அதே அளவுக்கு எமக்குத் திர்ஹமும் ஏறும். சாப்பாடு, போக்குவரத்து, சிறு கொள்வனவுகள் என்று ஒரு குடும்பம் அங்கே 3,000 திர்ஹம் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அதற்கு ஏறத்தாழ 163,000 ரூபாய் போதும். டொலர் 360 ஆனபோது அதே 3,000 திர்ஹமுக்கு 294,000 ரூபாய் தேவைப்பட்டது. டுபாயில் ஒரு தேநீரின் விலைகூட ஏறாதிருந்தாலும், எமது செலவு 80 சதவீதம் கூடிவிட்டது.

இதைப் பார்த்து, டொலரை மட்டும் கவனித்தால் போதும் என்று முடிவு செய்பவர்கள் மலேசியாவைப் பார்க்க வேண்டும். மலேசிய ரிங்கிட் டொலரோடு கட்டப்பட்டதல்ல. அது தன் வழியில் ஏறும், இறங்கும். 2024 பெப்ரவரியில் டொலர் எமக்கு ஏறத்தாழ 310 ரூபாய். அப்போது ரிங்கிட் மிகவும் பலவீனமாக இருந்தது. ஒரு டொலருக்கு 4.78 ரிங்கிட் அளவில் கிடைத்தது. அதாவது ஒரு ரிங்கிட் எமக்கு 65 ரூபாய். அதே ஆண்டு செப்டெம்பர் முடிவில் டொலர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது. "டொலர் குறைந்துவிட்டது, இப்போது போகலாம்" என்று சொல்லத்தக்க நேரம்தான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ரிங்கிட் வலுவடைந்து, ஒரு டொலருக்கு 4.12 அளவுக்கு வந்திருந்தது. ஒரு ரிங்கிட் இப்போது எமக்கு 73 ரூபாய். கோலாலம்பூரில் 2,000 ரிங்கிட் செலவழிக்க நினைத்த குடும்பத்துக்கு 130,000 ரூபாய் 146,000 ரூபாயாக மாறியது. டொலர் மலிந்தது, பயணம் விலை கூடியது. வாப்பாவின் அந்த ஒரு வசனம் இங்கே பிழைத்துப் போகிறது.

இன்னொன்றும் உண்டு. செய்தியில் வாசிக்கப்படும் வீதம் எமது கையில் கிடைக்கும் வீதமல்ல. வங்கிப் பலகையில் கொள்விலை, விற்பனை விலை என்று இரண்டு எண்கள் இருக்கும். வெளிநாட்டு நாணயத்தை நாம் வாங்கும்போது எமக்குரியது, அந்த இரண்டில் கூடிய எண்ணான விற்பனை விலை. திரும்பி வந்து மீதியைக் கொடுக்கும்போது குறைந்த எண்தான் கிடைக்கும். கடனட்டையைப் பாவித்தால் வங்கியின் கட்டணமும் சேரும். சில வெளிநாட்டுக் கடைகளில் அட்டை இயந்திரம், "உங்கள் நாட்டு ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா?" என்று கேட்கும். அது உபசாரம் போலத் தோன்றினாலும் அந்த மாற்று வீதம் பெரும்பாலும் எமக்கு நட்டமானது. அந்நாட்டு நாணயத்தைத் தெரிவு செய்வதே நல்லது.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒரு கொப்பித் தாள் போதும். முதலில் அங்கே ஆகும் செலவுகளை அந்நாட்டு நாணயத்தில் எழுதுங்கள்: தங்குமிடம், மூன்று வேளை உணவு, பஸ், ரயில், நுழைவுச் சீட்டுகள், சாமான்கள். பக்கத்தில் இரண்டு நிரல்கள் போடுங்கள். ஒன்றில் இன்றைய விற்பனை விலை. மற்றதில் அதைவிட 15 சதவீதம் கூடிய விலை. டொலர் 300 ரூபாயாக இருந்தால் முன்னர் சொன்ன 3,000 திர்ஹம் முதல் நிரலில் 245,000 ரூபாய். இரண்டாம் நிரலில் ஏறத்தாழ 282,000 ரூபாய். ஏற்கனவே கட்டிவிட்ட விமானச் சீட்டையும் அறை வாடகையையும் வீதம் தொடாது. இன்னும் கட்டாத பணத்தைத்தான் அது தொடும். இரண்டாம் நிரலையும் தாங்க முடிந்தால் பயணம் போகலாம். முதல் நிரலை மட்டுமே தாங்க முடியுமென்றால் நாட்களைக் குறைக்க வேண்டும், அல்லது அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும்.

"வாழ்க்கையில் ஒருமுறை போகிறோம், அதற்கும் இவ்வளவு கணக்கா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பயணம் பிள்ளைகளின் கண்ணைத் திறக்கும். வேறு மொழியையும் வேறு உணவையும் வேறு ஒழுங்கையும் காட்டும். நான் பயணத்துக்கு எதிரானவள் அல்ல. ஆனால் அந்த 37,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வரும் என்பதை எவரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. பெரும்பாலும் அது கடனட்டையிலிருந்து வரும். பிறகு மாதக்கணக்கில் வட்டியோடு கட்டுப்படும். அல்லது உம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போகும். அல்லது மூத்த மகளின் உயர்கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தில் "இப்போதைக்கு" என்று சொல்லி எடுக்கப்படும். அந்த "இப்போதைக்கு" திரும்பி வராமல் போனால், இழப்பது பல்கலைக்கழக வாசலில் நிற்கும் ஒரு பிள்ளை.

வீதம் ஏறினால் முதலில் எதை வெட்டுவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், சொந்தக்காரர்களுக்கும் அயலவர்களுக்கும் கொண்டுவரும் சாமான்களையே முதலில் வெட்டுவேன். வெறுங்கையோடு வந்தால் குறை சொல்வார்களே என்ற பயம் எமக்கு உண்டு. அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை ரிங்கிட்டிலும் திர்ஹமிலும் கூடிக்கொண்டே போகிறது. விருந்தாளி கொண்டுவரும் சொக்லேட் பெட்டியின் உண்மை விலையை எல்லோரும் அறிந்தால், ஒருவர் மற்றவரிடம் அதை எதிர்பார்ப்பதும் குறையும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள். "காசு இல்லை" என்று ஒரு சொல்லில் முடிப்பதைவிட, தாளை மகளின் கையில் கொடுத்து இரண்டு நிரல்களையும் அவளையே நிரப்பச் சொல்லுங்கள். ஆறு நாள் பயணத்தை நான்கு நாளாக்கச் சொல்லி அவளே முன்வரக்கூடும். தோழியரே, நீங்களும் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்பதற்கு முன், அந்த நாட்டு நாணயம் இன்று எத்தனை ரூபாய், ஆறு மாதங்களுக்கு முன் எத்தனை ரூபாய் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களோடு வரும் மகளின் பேச்சை எந்த வாப்பாவும் எளிதில் தட்டிவிட மாட்டார்.