அப்பீல் போட்டா என்ன நஷ்டம்?

குறைந்தால் குறையட்டும், இல்லாவிட்டால் இருந்தபடி இருக்கட்டும், அப்பீல் போட்டு வைப்பதில் என்ன நஷ்டம்? நெல்லிக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடலூர் கோர்ட் வராந்தாவில் கால்கடுக்க நின்று பழகிய ஊர் இது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று பல வீடுகளில் பரண்மேல் ஒரு கேஸ் கட்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

கிரிமினல் கேஸைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை சரிதான். தண்டனை பெற்றவர் தானே அப்பீல் போனால், அந்த அப்பீலில் தண்டனையைக் கூட்டக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 386-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அது 427-ஆம் பிரிவு. கூட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி, தனி நோட்டீஸ்.

ஆனால் பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் போய், யூனியன் வேலை பார்த்து ரிட்டயர் ஆன யாரிடமாவது இதே கேள்வியைக் கேளுங்கள். உடனே பதில் வராது. 'ஆர்டரை முதல்ல காட்டு' என்பார். சார்ஜ் மெமோ, டொமெஸ்டிக் என்கொயரி, சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்த ஆள். இலாகா அப்பீல் வேறு மாதிரி என்று அவருக்குத் தெரியும். உதாரணத்துக்கு, மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் வருட ஒழுங்கு விதிகளில் 27-ஆவது விதியைப் பிரித்தால், அப்பீல் அதிகாரி தண்டனையை உறுதி செய்யலாம், குறைக்கலாம், ரத்து செய்யலாம், கூட்டவும் செய்யலாம் என்று இருக்கும். இன்கிரிமென்ட் வெட்டுக்கு அப்பீல் போனவர் அதைவிடப் பெரிய தண்டனையோடு திரும்பி வருவதற்கு அந்த விதியில் இடமிருக்கிறது.

விளையாட்டுத் தடை இந்த இரண்டாவது ஜாதி. அதிலும் ரக்பி.

நம்மூர்ப் பத்தியில் ரக்பியா என்று கேட்பீர்கள். 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ். கபடி ஆடிய பையன்கள் காலேஜுக்குப் போன இடத்தில் இந்த முட்டைப் பந்தையும் கையில் எடுக்கிறார்கள். ஓடி வருகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கத் தெரிந்தவனுக்கு அங்கே நல்ல மரியாதை. என்ன, பிடி தோளுக்கு மேலே போகக் கூடாது. போனால் சிவப்பு அட்டைவரை வரும். அதோடு முடியாது, ஒழுங்குக் குழு கூடும்.

2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி லண்டன் ட்விக்கனமில் இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரல், வேல்ஸ் வீரர் டெய்ன் பாஷமின் தலையில் தோளால் இடித்துவிட்டார். முதலில் மஞ்சள் அட்டை. வீடியோ பார்க்கும் நடுவர் அதைச் சிவப்பாக மாற்றினார். மூன்று நாளில் விசாரணை. பக்கத்தில் இருந்த சக வீரரின் இடிபாட்டால் பாஷமின் போக்கு கடைசி நொடியில் மாறிவிட்டது என்ற வாதத்தை ஏற்று, ஃபாரலைக் குழு விடுவித்தது. நம்மூராக இருந்தால் அன்றைக்கே வெடி போட்டிருப்பார்கள். ஆனால் அப்பீல் உரிமை ஆட்டக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. உலக ரக்பி அமைப்பே அப்பீல் போனது. ஃபாரல் கையால் அணைத்துப் பிடிக்க முயன்றாரா என்பதை முதல் குழு கணக்கில் எடுக்கவில்லை என்றது மேல் குழு. ஆறு ஆட்டத்தில் ஆரம்பித்து, சலுகை போக நான்கு ஆட்டத் தடை. உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டம் அதிலேயே போயிற்று.

இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2012-ல் நியூசிலாந்தின் ஆடம் தாம்சன் ஒரு ஸ்காட்லாந்து வீரரின் தலையை மிதித்ததற்கு ஒரு வாரத் தடை வாங்கினார். அது போதாது என்று சர்வதேச அமைப்பு அப்பீல் போய் இரண்டு வாரமாக்கியது. நம் நாட்டில் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் கதை இன்னும் கொடுமை. ஊக்கமருந்து வழக்கில் தேசிய அமைப்பு 2016 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அவரை விடுவித்தது. ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் போய் இறங்கியும் விட்டார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அப்பீல் போக, அவர் களமிறங்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நான்கு வருடத் தடை விழுந்தது.

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் சென்னையில் படிக்கிறான், கபடியிலிருந்து ரக்பிக்குப் போனவன். பிளாஸ்டிக் ஃபைலில் பள்ளிக்கூடத்து கபடி சர்டிபிகேட், ஆதார் செராக்ஸ், தடைக் கடிதம் எல்லாம் அடுக்கி இருந்தது. ஆதார் எதற்கு என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்ணே" என்றார். தலையில் பட்ட பிடிக்கு உலக ரக்பி விதிப்படி ஆரம்பமே ஆறு ஆட்டம். பையன் தப்பை ஒப்புக்கொண்டான், அடிபட்டவனிடம் மன்னிப்பும் கேட்டான், முன்பு கெட்ட பெயர் இல்லை. அதனால் இரண்டைக் கழித்து நான்காக்கியிருந்தார்கள். அந்த விதியில் சலுகை பாதிவரை போகலாம்.

கூடவே சீனியர் யாரோ எழுதிக் கொடுத்த அப்பீல் மனு. முதல் வரியே, 'நான் எந்த விதியையும் மீறவில்லை.'

"வீடியோ இருக்கா தம்பி?"

செல்போனை நீட்டினான். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தது. எதிராளி குனியவே இல்லை. இவன் வலது கை மடங்கினபடி நேராகத் தாடையில் போய் உட்காருகிறது. சத்தம்கூடக் கேட்கிறது. இரண்டாம் முறை ஓட்டும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெரியப்பா, நான் வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சேன்னு அந்தக் கடுதாசியில எங்கயும் இல்லப்பா."

சின்னப் பையன்களுக்கு இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. கவனக்குறைவாகப் பிடித்தாலும் குற்றம் குற்றம்தான். வேண்டுமென்றே செய்தால் அளவு கூடும், அவ்வளவே. மீறவே இல்லை என்று எழுதினால், ஒப்புக்கொண்டதற்காகக் கழித்துக் கொடுத்த அந்த இரண்டு ஆட்டத்தின் கதி என்ன? மேல் குழு அதைத் திரும்பப் பிடுங்கினால் கேட்க முடியாது. அப்பாவை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். விசாரணை வருவதற்குள் நான்கில் இரண்டு ஆட்டம் கழிந்துவிடும். முழுசாக ஜெயித்தாலும் கைக்கு வருவது இரண்டு. தோற்றால் மேலும் இரண்டு போகலாம். அந்த வீடியோவை வைத்துக்கொண்டு இந்தப் பந்தயம் கட்டலாமா?

"அப்ப விட்டுர்றதாண்ணே?"

விட வேண்டாம், குற்றத்துக்குப் போகாதே, அளவுக்குப் போ என்றேன். சலுகை இரண்டோடு நின்றதற்குக் கடிதத்தில் காரணம் சொல்லவில்லை, அதைக் கேட்கலாம். சரியாகப் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சியை முடித்தால் ஒரு ஆட்டம் கழியும் என்று உலக ரக்பியில் ஏற்பாடு இருக்கிறது. அது இங்கே செல்லுமா என்றும் கேட்கலாம். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் நீதி கேட்க வந்தவன், நான் தள்ளுபடி கேட்கச் சொல்கிறேன்.

அப்பீல் போனால் பழைய கணக்கும் கிளறப்படும். 2008 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் முடிந்ததும் ஹர்பஜன் சிங்குக்கு ஆட்ட நடுவர் மைக் புரோக்டர் மூன்று டெஸ்ட் தடை விதித்தார். அடிலெய்டில் அப்பீலை விசாரித்த நீதிபதி ஜான் ஹேன்சன் குற்றத்தைக் குறைத்து, ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாக்கினார். நாடே கொண்டாடியது. ஹர்பஜனின் முந்தைய குற்றங்களின் முழுப் பட்டியல் நீதிபதியின் கைக்கு வரவில்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஐசிசி தரப்பின் பிழை. தெரிந்திருந்தால் தண்டனை வேறாக இருந்திருக்கலாம் என்பதை நீதிபதியும் மறைக்கவில்லை. அந்த மாதிரி அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது.

கண்ணை மூடிக்கொண்டு அப்பீல் போக வேண்டிய சமயமும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி காலிறுதியில் அமித் ரோஹிதாஸின் மட்டை பிரிட்டன் வீரரின் முகத்தில் பட்டு சிவப்பு அட்டை. பத்து பேரோடு ஆடி ஷூட்அவுட்டில் ஜெயித்தோம். அரையிறுதிக்கு அவருக்குத் தடை. ஹாக்கி இந்தியா அப்பீல் போட்டது, தள்ளுபடியானது. ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றோம். அங்கே அப்பீல் போட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எதிரே நின்றது ஒலிம்பிக் அரையிறுதி.

ஜெயித்தும் தோற்றவர் கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த். 2013-ல் ஆயுள் தடை. 2017 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார். அக்டோபரில் டிவிஷன் பெஞ்ச் திரும்பப் போட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தடையை ரத்து செய்து, தண்டனை அளவை மறுபடி முடிவு செய்யச் சொன்னது. கிரிக்கெட் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே.ஜெயின் அதை ஏழு வருடமாக்கினார். 2020 செப்டம்பரில் தடை முடிந்தபோது ஸ்ரீசாந்துக்கு வயது 37. வேகப்பந்து வீச்சாளருக்கு 37.

அந்தப் பையனின் தடைக் கடிதத்தை நான் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எத்தனை நாளுக்குள் அப்பீல் போட வேண்டும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும், எந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும் எல்லாம் இருந்தது. அப்பீலில் தடை கூடவும் செய்யலாம் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. 19 வயதுப் பையனுக்கு அனுப்பும் கடிதத்தில் அந்த வரியைத்தான் முதலில் போட வேண்டும், அதுவும் தமிழில். மனுவின் கடைசிப் பத்தியில் இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'இது வேணாமே பெரியப்பா, கோவிச்சுக்கப் போறாங்க' என்று பையன் பயப்படுகிறான். அப்பாவுக்கோ மனுவிலேயே அந்தப் பத்தி ஒன்றுதான் பிடித்திருக்கிறதாம்.